தாங்குமுங்களா?

அவர் யாரையும் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. வாட்ச்மேன் வந்தால் "வாங்க, உக்காருங்க" என்பார். கக்கூஸ் கழுவ வரும் அம்மாவை "ஏனுங்" என்றுதான் கூப்பிடுவார். கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோனால் அதன் தலையில் மெல்லத் தட்டி, "எந்திரிங்க சாமி, எந்திரிங்க" என்பார். அப்படிப்பட்ட மரியாதையான மனிதரிடம் நான் வேலை பார்த்தேன். இன்றைக்கும் யாராவது என்னிடம் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசினால் நான் ஓரடி தள்ளி நின்றுகொள்கிறேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். இந்நேரம் எங்கேயாவது குடும்பமாக இருப்பாள். அவளுக்கு எதற்குச் சங்கடம்? நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஏத்துங்க சார்'. எதைப் பார்த்தாலும் அதன் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்வார். ஏற்றிவிட்டுக் கொஞ்சம் குனிந்து, தலையைச் சாய்த்து, பால்காரரிடம் இன்னும் அரை லிட்டர் கேட்பது போல அவ்வளவு இதமாகக் கேட்பார்: "தாங்குமுங்களா?"

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் என்ற வார்த்தையே புதுத்துணி மாதிரி மொடமொடவென்று இருந்த காலம். பீளமேட்டில் ஒரு பழைய பஞ்சுக் குடோனைத் தடுத்து, சுண்ணாம்பு அடித்து, அதில் எங்கள் ஆபீசு நடந்தது. எனக்குப் பத்தாவது படிப்பும் டைப்ரைட்டிங் ஹையரும்தான். என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருந்தார். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தார்கள். முருகா, ஒரு வேலையைக் காட்டு என்று வேண்டிக்கொண்டுதான் இண்டர்வியூவுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையும் நெற்றியில் பாதி அழிந்த திருநீறுமாக அவர் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு வேகமாக அடிப்பீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

"ஒரே எடத்துல எவ்வளவு நேரமுங்க அம்மணி உக்காருவீங்க?"

என்ன சொல்வதென்று தெரியாமல், "கந்த சஷ்டிக்கு நாள் முழுக்கக் கோயில்ல உக்காந்திருப்பேனுங்க" என்றேன்.

"பச்சத்தண்ணி குடிக்காமயா?"

"ஆமாங்க. முருகன் தாங்கற சக்தியைக் குடுப்பானுங்க."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "அப்ப நீங்க தாங்குவீங்க. நாளைக்கே வந்துருங்க" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர், "வாங்க போங்கன்னு பேசறாரா? நல்ல எடந்தான், போ" என்றார். நானும் அன்று சாயங்காலமே கற்பூரம் ஏற்றினேன்.

நான் சேர்ந்த புதிதில் ஆபீசுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. சார் வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஒன்றில் உட்காரச் சொன்னார். அறுபதை நெருங்கிய ஒல்லியான மனிதர் அவர், மதுக்கரையில் சிமெண்டு மூட்டை தூக்கி ஓய்ந்தவர். உட்கார்ந்தார். அவர் மடியில் சார் ஒரு காகிதக் கட்டை வைத்தார்.

"தாங்குமுங்களா?"

"தாங்குமுங் சார்."

இன்னொரு கட்டு. அதன் மேல் இன்னொன்று. வாட்ச்மேனின் முகம் கட்டுகளுக்குப் பின்னால் மறைந்துபோயிற்று. உள்ளேயிருந்து "தாங்குமுங் சார், தாங்குமுங் சார்" என்ற குரல் மட்டும் வந்தது. பிறகு படாரென்று ஒரு சத்தம். நாற்காலி ஒருபக்கம், காகிதம் ஒருபக்கம், மனிதர் ஒருபக்கம்.

"அய்யோ, காலு போச்சுங்களே!" என்று சார் ஓடி வந்தார்.

வாட்ச்மேன் படுத்தபடியே தன் காலைத் தடவிப் பார்த்து, "இல்லீங் சார், காலு நல்லாத்தான் இருக்குது. இடுப்புதானுங்க..." என்றார்.

"நாற்காலிக் காலுங்க" என்றார் சார். உடைந்த நாற்காலியைத் தூக்கி எங்களுக்கெல்லாம் காட்டினார். "பாத்தீங்களா, இந்த மூட்டுலதான் முறியுது. இனி நமக்குத் தெரிஞ்சுபோச்சு."

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். படுத்திருந்த வாட்ச்மேனும் சிரித்தார். அதற்கப்புறம் ரொம்ப நாள் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டேதான் கேட்டைத் திறந்தார். சார் தினமும் நின்று, "இடுப்பு தேவலையாங்க?" என்று விசாரிப்பார். தேவலையானதும் வேறு கம்பெனி நாற்காலி வந்தது. "வாங்க, உங்களுக்குத்தான் பழக்கம்" என்று அவரையே கூப்பிட்டார்.

எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நூலகங்களில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அட்டை எழுதி இழுப்பறையில் வைத்திருப்பார்களாம். அந்த அட்டைகளைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். ஒரு அட்டைக்கு ஒரு ஃபைல். உள்ளே நாலைந்து வரிதான் இருக்கும், கடுகு மாதிரி. ஆனால் கடுகு மலையாகக் குவிந்துகொண்டே போயிற்று.

அத்தனை ஃபைலையும் ஒரே மெஷினில் வைக்க முடியாது. கண்ணாடி போட்ட ஏ.சி. அறையில் மூன்று பெரிய மெஷின்கள் இருந்தன. ஃபைல்களை மூன்றிலும் பிரித்துப் பிரித்து வைத்திருந்தார். எந்த ஃபைல் எதில் இருக்கிறது என்பதை மட்டும் நாலாவதாக ஒரு சின்ன மெஷின் ஞாபகம் வைத்துக்கொள்ளும். நாங்கள் அதைப் 'பேர் மெஷின்' என்போம். யார் எதைத் திறந்தாலும் மூடினாலும் முதலில் அதைக் கேட்டாக வேண்டும்.

எனக்கு இது விளங்கவில்லை. ஒருநாள் சார் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். "கோயில்ல செருப்பு வுடற எடம் பாத்திருப்பீங்கல்ல அம்மணி? செருப்பு வெக்கற ரூமு எத்தன வேணும்னாலும் கட்டிக்கலாம். பத்தலைன்னா இன்னொண்ணு கட்டலாம். ஆனா டோக்கன் குடுக்கற ஆளு ஒருத்தருதான். ரெண்டு பேரைப் போட்டா ஒரே நம்பரை ரெண்டு பேருக்குக் குடுத்துபோடுவாங்க. தைப்பூசத்தன்னிக்கு ரூமெல்லாம் காலியாத்தான் இருக்கும். டோக்கன்காரரு மட்டும் முழி பிதுங்கி நிப்பாரு. அந்த ஆளு எப்ப உளுவாருன்னு தைப்பூசத்துக்கு முன்னாலயே நமக்குத் தெரிஞ்சிருக்கோணும். அவ்வளவுதானுங்க என் வேலை."

தைப்பூசம் என்று அவர் சொன்னது, அடுத்து வரவிருந்த பெரிய ஆர்டரை. இப்போதிருக்கிற பெண்களைப் போல இரண்டு மடங்கு பேர் வந்து உட்காரப் போகிறார்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அதற்காகச் சனிக்கிழமைகளில் ஒரு சோதனை வைப்பார். எங்களையெல்லாம் மெஷின் முன்னால் உட்கார வைத்து, நடுவில் நின்று கையைத் தட்டுவார். தட்டியதும் எல்லோரும் ஒரே சமயத்தில் ஃபைலைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டால், கூட நான்கு பேரை உட்கார வைப்பார். சமையல்கார அம்மாவைக்கூட உட்கார வைத்து, "இந்தப் பொத்தானை மட்டும் அமுக்குங்க போதும்" என்பார். ஒரு கட்டத்தில் எல்லோருடைய திரையும் அப்படியே உறைந்து நின்றுவிடும். அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சாமி தேர் நிலைக்கு வந்த மாதிரி ஒரு பூரிப்பு.

"முறிஞ்சுதுங்க! முறிஞ்சுது!"

உடனே பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் தேங்காய் பன் வரும். உள்ளே வெல்லமும் தேங்காயும் வைத்துச் சுடச்சுட இருக்கும். பிள்ளைகளுக்காக நான் பாதியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொள்வேன். பன்னைக் கையில் வைத்துக்கொண்டு சார் சொல்வார்: "எங்க முறியுதுன்னு தெரிஞ்சுபோச்சு. இனி அதுல பாதிதான் ஏத்தோணும். பாதிக்கு மேல ஒரு நாளும் ஏத்தப்படாது."

அப்படி ஒரு சனிக்கிழமை எங்களில் ஒருத்தியான கோமதி கேட்டாள். கோமதிக்குத்தான் அவரிடம் கேட்கும் வாய் இருந்தது.

"ஏனுங் சார், மெஷினுக்குப் பாதி, எங்களுக்கு மட்டும் முழுசுங்களா?"

எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னார். "மெஷின் முறிஞ்சா சிங்கப்பூர்ல இருந்து சாமான் வரோணுமுங்க அம்மணி. நீங்க பெரியநாயக்கன்பாளையத்துல இருந்து பஸ்ஸுல வந்துருவீங்க."

இன்னும் பெரிதாகச் சிரித்தோம். கோமதிதான் அதிகமாகச் சிரித்தாள். வாயில் இருந்த பன் அவளுக்குப் புரையேற, நான் தலையைத் தட்டினேன்.

கோமதிக்கு அப்பா இல்லை. அம்மா பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஸ்டாப்பில் பூக்கட்டி விற்றாள். அதனால் எங்கள் எல்லோருக்கும் மல்லிகை கொண்டுவருவாள். கோபிசெட்டிபாளையத்தில் வாழைத் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையனுக்குப் பிடித்திருந்தது. பையனின் அம்மா மட்டும், "பொண்ணு வேலை பர்மனென்டுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். கோமதி சாரிடம் போய் நின்றாள். "இந்த ஆர்டர் முடியட்டுமுங்க அம்மணி, பர்மனென்டு ஆக்கிருவேன்" என்று அவர் வாக்குக் கொடுத்தார். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் கோமதி உட்கார்ந்திருந்தாள்.

அவள் உட்கார்ந்திருந்தது சாதாரண இடமில்லை. ஒரே பெயரில் இரண்டு அட்டைகள் வந்துவிட்டால் பேர் மெஷின் குழம்பி நிற்கும். அடித்த பெண்ணும் காத்திருப்பாள். யாராவது பார்த்து இரண்டாவதற்கு வேறு பெயர் அடித்துக் கொடுத்தால்தான் நகரும். அந்த யாராவதுதான் கோமதி. புதிதாக ஒரு பெண் வந்து அட்டை அடிக்க உட்கார்ந்தால் இவள் கைக்கு வேலை கூடும். மெஷின் தாங்கும் என்று கண்டுபிடித்த அளவில் பாதிவரைக்கும் சார் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே வந்தார். கோமதி தாங்குவாளா என்பதற்குச் சனிக்கிழமைச் சோதனை எதுவும் இல்லை. அது திங்கள் முதல் வெள்ளி வரை நடந்தது.

முதலில் கையை உதறிக்கொள்வாள். பிறகு விரலை நெட்டி முறித்துக்கொண்டே இருப்பாள். கொண்டுவந்த பூவை அவளால் தலையில் குத்திக்கொள்ள முடியாமல் நான் குத்திவிட ஆரம்பித்தேன். "கை மரத்துப்போச்சுங்க்கா, ஊசி குத்துனாலும் தெரியாது போல" என்று சிரிப்பாள். ஒருநாள் டீ டம்ளர் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. சத்தம் கேட்டு சார் வந்தார். டம்ளரைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தார்.

"எப்ப இருந்துங்க அம்மணி இப்பிடி?"

"கொஞ்ச நாளாத்தானுங் சார்."

"மொதல்ல புள்ளைங்களைச் சேத்தமே, அப்பவேயா? இல்ல, இப்பச் சேத்ததுக்கு அப்பறமா?"

"இப்பத்தானுங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு குனிந்து, அந்த இதமான குரலில், "இன்னும் நாலு பேர் சேத்தாத் தாங்குமுங்களா?" என்றார்.

கோமதி தரையைப் பார்த்தபடி, "ஆகட்டுங் சார்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லும் பழக்கம் கிடையாது. 'ஆகட்டுங்க' என்றால் சரி என்றும் அர்த்தம், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்றும் அர்த்தம், என்னை விட்டுவிடுங்கள் என்றும் அர்த்தம். எந்த ஆகட்டுங்க என்பது குரலில் இருக்கும். இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்கும் அது விளங்கும். வெளியூர்க்காரராக இருந்தால் ஏமாந்திருப்பார் என்று சொல்லலாம். சாரும் கொங்கு நாட்டுக்காரர்தான். அவர் வீட்டிலும் ஆகட்டுங்க சொல்லித்தான் வளர்ந்திருப்பார். அவர் அந்த வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, குரலை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் நாலு பெண்கள் வந்தார்கள்.

அதே வாரம் என் நாற்காலியையும் கோமதி பக்கத்தில் கொண்டுவந்து போடச் சொன்னார்.

"நான் என்னங் சார் செய்யோணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருங்க அம்மணி. அவங்க எந்தப் பேருக்கு என்ன செய்யறாங்கன்னு பாருங்க, போதும்."

முருகன்தான் அவர் மனதைத் தொட்டிருக்கிறான், கோமதிக்குத் துணையாக என்னைப் போடுகிறார் என்று நினைத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நெய் விளக்கே போட்டேன்.

பிறகொரு கிருத்திகையன்று அவரை மருதமலையில் பார்த்தேன். உச்சி வெயில். படியில் கால் வைக்க முடியவில்லை. முன்னால் ஒரு சிறு பெண் அழுதுகொண்டே ஏறிக்கொண்டிருந்தாள். பட்டுப் பாவாடை, ஏழெட்டு வயதிருக்கும். ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். ஒரு படி பின்னால் சார் நடந்து வந்தார். அவருக்கும் பின்னால் குடை பிடித்துக்கொண்டு அவர் சம்சாரம்.

"இன்னும் கொஞ்சம் கண்ணு. தாங்குமுங்களா பாக்கலாம்" என்று சார் சொல்லிக்கொண்டே வந்தார். பாசமாகத்தான் சொன்னார். பெற்ற மகளையும் அவர் வாங்க போங்க என்றுதான் பேசினார்.

அந்தக் குழந்தை மண்டபத்துப் படியில் நின்று திரும்பி, "தாங்கலைங்கப்பா" என்றது.

சொன்ன மறு நிமிஷம் வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். காலைத் தடவினார். ஊதினார். "அப்பிடிச் சொல்லோணும் கண்ணு. நீங்க சொன்னாத்தானே அப்பாவுக்குத் தெரியும்?" என்று கொஞ்சினார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, பெருமையாக, "போன கிருத்திகைக்குக் கீழ வளைவுலயே உக்காந்துட்டாங்கம்மணி. இந்தக் கிருத்திகைக்கு மண்டபம் வரைக்கும் வந்துபோட்டாங்க" என்றார்.

அவர் சம்சாரம் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "அடுத்த கிருத்திகைக்கு இன்னும் மேல ஏறோணுமுங்க" என்றாள். குடை அவள் தலைக்கு மேல் இல்லை. யாருக்குப் பிடிக்கிறோம் என்பதையே மறந்தவள் மாதிரி தள்ளிப் பிடித்திருந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் இதைச் சொன்னேன். பெண்கள் 'அடப்பாவமே' என்றார்கள். கோமதி மட்டும் ஸ்பூனைக் கீழே வைத்தாள். அப்போதெல்லாம் அவள் இடது கையில் ஸ்பூன் வைத்துத்தான் சாப்பிட்டாள்.

"அப்ப, தாங்கலைன்னு சொன்னா வுட்டுருவாருங்களா அக்கா?"

"வுடறதென்ன, தூக்கித் தோள்லயே போட்டுக்கிட்டாரு."

"என்னையத் தூக்க வேண்டாமுங்க" என்று சிரித்தாள். "கடைசியா வந்த நாலு புள்ளைங்களை வேற வேலைக்கு மாத்துனாப் போதும்."

அன்று மத்தியானமே போய்ச் சொன்னாள். கண்ணாடி அறை வாசலில் நின்று, எங்களுக்கெல்லாம் கேட்கும்படி, "சார், தாங்கலைங்க" என்றாள்.

சார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். முகத்தில் அந்தச் சனிக்கிழமைப் பூரிப்பு. "ரொம்பச் சந்தோசமுங்க அம்மணி! இத்தன பேருல நீங்க ஒருத்தருதான் வாயைத் தொறந்து சொல்லியிருக்கீங்க" என்றார். ஆள் அனுப்பி எல்லோருக்கும் தேங்காய் பன் வரவழைத்தார். வாரத்தின் நடுவில் பன் கிடைத்தது என்று எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். கோமதி இடது கையால் பிட்டுப் பிட்டுத் தின்றாள். "பாத்தீங்களாக்கா" என்று என்னைக் கண்ணாலேயே கேட்டாள்.

மறுநாள் காலையில் அவள் பையை வைக்கும் முன்பே சார் வந்துவிட்டார்.

"கை நல்லாகற வரைக்கும் ஊட்டுல இருங்க அம்மணி."

"இல்லீங் சார், நாலு பேரைக் கொறச்சா நான்..."

"கொறைக்க முடியாதுங்களே. ஆர்டர் இருக்குதல்ல."

கோமதிக்கு அப்போதுதான் விளங்க ஆரம்பித்தது. "சார், அந்தப் பர்மனென்டு..." என்றாள்.

அவர் உண்மையான வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். "உங்க அளவு தெரிஞ்சுபோச்சுங்களே அம்மணி. அளவு தெரிஞ்சவங்க மேல அதுக்கு மேல ஏத்தறது பாவமுங்க."

பாவம் என்றார். அந்த வார்த்தையை நானும் என் காதால் கேட்டேன்.

"ஆகட்டுங் சார்" என்றாள் கோமதி. இடது கையால் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். எனக்காகக் கொண்டுவந்த பூவை மேசை மேலேயே மறந்துவிட்டுப் போனாள். வாட்ச்மேன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டார்.

சார் என் பக்கம் திரும்பினார். "வாங்க அம்மணி. இத்தன நாளா எல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அப்போது என் கண் கண்ணாடி அறைக்குள் போயிற்று. பேர் மெஷினுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு மெஷின் உண்டு. அதற்கு ஒரு வேலையும் கிடையாது. பேர் மெஷின் எழுதுவதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தானும் எழுதிக்கொண்டே இருக்கும். வந்த புதிதில் எனக்கு அதைக் காட்டி, "இது சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருக்குமுங்க. அது உளுந்தா இது எந்திரிக்கும்" என்று சொல்லியிருந்தார்.

அதே வார்த்தைகள். சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருங்க. அதற்குத்தான் நான் நெய் விளக்குப் போட்டிருந்தேன்.

கோமதியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய? மெஷின் பெயர் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

அவர் போட்ட கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. பெரிய ஆர்டர் வந்து எல்லோரும் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், பேர் மெஷின் உள்ளே ஏதோ கருகிச் செத்துப்போயிற்று. சார் பதறவில்லை. எழுந்து போய்க் கேபிளைப் பிடுங்கி ஐந்தாவது மெஷினில் சொருகினார். ஒரு ஃபைல் போகவில்லை, ஒரு பெயர் போகவில்லை. ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்கூட வேலை நிற்கவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பாராட்டினார்கள். முதலாளி எங்கள் எல்லோர் முன்னாலும் அவருக்குச் சால்வை போட்டார். சார் கைகூப்பி, "எல்லாம் முருகன் செயலுங்க" என்றார். நான் எவ்வளவு நம்பிக்கையோடு அந்த வார்த்தையைச் சொல்கிறவளோ, அவரும் அவ்வளவு நம்பிக்கையோடுதான் சொன்னார். பொய் சொல்கிற ஆளில்லை அவர். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஆர்டர் முடிந்ததும் அடுத்தது வந்தது. ஒரு காலையில் என் பக்கத்தில் புதிதாக ஒரு நாற்காலி கிடந்தது. தலை நிறையப் பூவோடு ஒரு சின்னப் பெண் அதில் வந்து உட்கார்ந்தாள். "ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க அம்மணி, சும்மா பாத்துக்கிட்டே இருங்க" என்று சார் அவளிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் பேர் சேக்கலாம்னு இருக்கறமுங்க. தாங்குமுங்களா?"

"ஆகட்டுங் சார்" என்றேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் வாட்ச்மேன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலியை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். "சார் ஒரு வார்த்தை சொல்லியுட்டாருங்க" என்றார்.

"என்னங்க?"

"உங்க அளவு என்னன்னு தெரியாமயே போச்சேன்னு ரொம்ப வருத்தப்படறாருங்க."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு சார் பெங்களூரில் பெரிய இடத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே ஆட்களுக்குப் பஞ்சமிருக்காது.

கோமதியை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். மருதமலையில், சன்னதிக்கு முன்னால். கோபிச் சம்பந்தம் நின்றுபோனது எனக்கு முன்பே காதில் விழுந்திருந்தது. அம்மாவோடு பூ வியாபாரத்துக்குப் போகிறாளாம். அம்மா கட்டுவாள், இவள் கூடையைப் பார்த்துக்கொள்வாள். பூத் தொடுக்க அவள் விரல் வளையவில்லை.

குருக்கள் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் வாங்குவது போலத்தான் அவளும் இடது கைமேல் வலது கையை வைத்து நீட்டினாள். பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. இடது கைதான் வலது கையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரிந்தது. உள்ளங்கையை அவளால் குவிக்க முடியவில்லை. திருநீறு விரல் இடுக்கு வழியாகக் கீழே கொட்டியது. "சிந்தாம வாங்கும்மா" என்று சொல்லிவிட்டுக் குருக்கள் நகர்ந்தார்.

படியில் இறங்கும்போது பேசிக்கொண்டு வந்தோம். பிள்ளைகளை விசாரித்தாள். "சார் நல்லா இருக்காருங்களா?" என்றும் கேட்டாள். அந்த மரியாதை அவளை விட்டுப் போகவில்லை. மண்டபத்தருகே வந்தபோது நின்றாள்.

"ஏனுங்க்கா, நான் அன்னிக்கு வாயைத் தொறக்காம இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாளு தாங்கியிருக்குமுங்களா?"

அவள் தலையில் பூ சரிந்திருந்தது. சரியாகக் குத்திவிட்டேன்.

சின்ன வயதிலிருந்து நான் முருகனிடம் கேட்டது ஒன்றுதான்: தாங்குகிற சக்தியைக் கொடு. கந்த சஷ்டிக்குப் பட்டினி கிடந்தபோதும், பிரசவ வலியிலும் அதையேதான் கேட்டேன். இப்போது கேட்பதில்லை. தாங்குவேன் என்றால் மேலே ஏற்றிவிடுவானோ என்று பயம். தாங்கலை என்று சொல்லலாமென்றால், என் பக்கத்தில் யாரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறானோ என்று அதைவிடப் பயம். விளக்கைப் போட்டுவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நிற்கிறேன்.